கூரைமேல் ஒரு முழ இடைவெளி

ஒதில் பாரே அவனை முதலில் மிதித்தாள். பார்த்தது அதற்கு அப்புறம்தான்.

ஏப்ரல் மாதம்... மதியம் ஒன்றரை மணி. அந்த நேரத்தில் எங்கள் குடுகூ ஊர்த் தெருக்களில் நடமாடுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, வெளியூர்க்காரர்கள். இன்னொன்று, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கோபமாக வெளியே வந்துவிட்டு, திரும்பிப் போக வெட்கப்படும் கணவர்கள்.

ஒதில் முதல் வகை. தலைநகர் வாகடூகூவிலிருந்து வந்த கட்டட இன்ஜினியர். ஊர் எல்லையில் அவள் வடிவமைத்த பிரசவ ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே போகும் வழியில்தான் அவளுடைய மொபெட்டின் டயர், 'இந்த வெயிலில் நான் வேலை செய்ய முடியாது' என்று சொல்லிவிட்டு வெடித்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நூறு அடி நடந்தாள். கண் இருட்டியது. பாதி கட்டி முடித்த ஒரு வீடு தெரிந்தது. கதவு இல்லை. நிழல் இருந்தால் போதும் என்று உள்ளே நுழைந்தாள்.

நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குளிர்...

ஏ.சி.க் குளிர் இல்லை. அது தோலை மட்டும் தொடும். இது பெரிய மண்பானைக்குள் மெல்ல இறக்கிவிட்டதுபோல, நாலு பக்கமும் சூழ்ந்த ஒரு குளிர். கழுத்து வியர்வை தானாகக் காய்ந்தது. காதுக்குள் இரைந்துகொண்டிருந்த வெயில் அடங்கியது. மின்விசிறி இல்லை, ஒயர்கூட இல்லை. சில பெண்கள் கைப்பையில் கண்ணாடி வைத்திருப்பார்கள். ஒதில் வெப்பமானி வைத்திருப்பாள். எடுத்துப் பார்த்தாள். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. இங்கே முப்பது.

பொய் சொல்கிறதோ என்று உதறிப் பார்த்தாள். முப்பதுதான்.

வாயைத் திறந்தபடி, மேலே வளைந்து போகும் மண்கல் கூரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தாள். மெத்தென்று ஏதோ...

"யம்மா..." என்றது தரை.

தரையில் ஒருவன் படுத்திருந்தான். அவள் கால் அவன் வயிற்றின்மேல் இருந்தது.

"ஐயோ... தெரியாம மிதிச்சிட்டேங்க. வலிக்குதா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி மிதிச்சதால தப்பிச்சேன். சாப்பிட்டப்புறம்னா ஒரு தட்டுச் சோறு வீணாப் போயிருக்கும்," என்றான் அவன், எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாமல். "இன்ஜினியரா நீங்க?"

"எப்படித் தெரியும்?"

"இந்த ஊர்ல மேல பாத்துக்கிட்டு நடக்கறது பல்லியும் இன்ஜினியருந்தான். பேரென்ன?"

"ஒதில்."

"அது சர்ச்சு ஃபாதர் வெச்ச பேரு. குடும்பப் பேரு?"

"பாரே."

அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். முகம் முழுக்க ஒரு பரவசம். தொலைந்துபோன ஆடு தானாக வீட்டுக்கு வந்தால் வருமே, அந்தப் பரவசம்.

"பாரேயா? சாமோவா நீ? அதான பாத்தேன்... நாய்த்தலை திங்கற கூட்டம். எங்க வீட்டு அடிமை, முதலாளி வயித்துல கால் வெக்கிற அளவுக்கு நாடு கெட்டுப்போச்சா? நான் தாப்சோபா. ரஸ்மானே தாப்சோபா. கும்பிட்டுக்கோ."

புர்கினா ஃபாசோவுக்குப் புதிதாக வந்தவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார். ஒதிலின் உதட்டோரம் சிரிப்பு முளைத்தது. மோசி இனத்தவனும் சாமோ இனத்தவளும் எங்கே சந்தித்தாலும், கல்யாண வீடோ சாவு வீடோ, முதலில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள வேண்டும். தாத்தாவுக்குத் தாத்தா காலத்துச் சட்டம் அது. ரகிரே என்று பேர். என்ன சொன்னாலும் கோபப்படக்கூடாது. கோபப்பட்டவர் தோற்றவர். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பாதி இப்படித்தான் தீரும், மீதிப் பாதி தீராது.

"மோசியா?" என்றாள் ஒதில், இடுப்பில் கைவைத்து. "குதிரை வாங்க வக்கில்லாம கழுதைமேல ஏறி வந்து, 'நாங்க ராஜ வம்சம்'னு சொன்ன கூட்டம்தானே? உன்னைச் சந்தையில வித்தா ஒரு கூடை வெங்காயம் தேறாது."

"வெங்காயமா? எங்க அம்மா என்னை அழுகின தக்காளிக்கே குடுத்துருவாங்க."

அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். இமை முடியெல்லாம் செங்கல் தூசி... சிவந்த தூசிக்கு நடுவே, இப்போதுதான் கிணற்றிலிருந்து இறைத்ததுபோல இரண்டு கண்கள். 'கொத்தனாருக்கு எதற்கு இவ்வளவு பெரிய இமை? சிமெண்ட் சலிக்கவா?' என்று கேட்டுக்கொண்டாள். கேள்வியில் கேலி இருந்தது. நெஞ்சில் இல்லை.

அந்த அறையை அவன்தான் கட்டியிருந்தான். இரண்டு முழ அகலச் சுவர். மண்கல் வளைவுக் கூரை. வடக்கே தாழ்வாக ஒரு ஜன்னல், தெற்கே உச்சியில் ஓர் ஓட்டை. சூடான காற்று உச்சி வழியே தானாக ஏறிப் போய்விடும். வளைவுக்கு மேலே, தொடாமல், கம்பிக் கால்களில் தனியாக நிற்கும் தகரம்.

"தகரம் வெயில் வாங்கிக்கும். வளைவு நிழல் வாங்கிக்கும். நடுவுல காத்து போகும்," என்றான்.

ஒதில் தன் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் ஓர் அங்குலம் உயர்ந்துவிடும். "வருஷம் முழுக்க ஊர் லைன்ல இருந்து எவ்வளவு கரண்ட் எடுக்குதோ, அவ்வளவையும் சூரியன்கிட்ட வாங்கி அதுவே திருப்பிக் குடுத்துரும். ஜூன் ஒண்ணாந்தேதியில இருந்து அடுத்த மே முப்பத்தொண்ணு சாயங்காலம் வரைக்கும் கணக்கு. கடைசியில மீட்டர் சுழிக்கு, பூஜ்யத்துக்கு வரணும். வந்தா இதே மாதிரி இன்னும் பதினோரு ஊர்ல கட்டுவாங்க. வரலைன்னா... பழையபடி ஹாலோ பிளாக்கு, தகரம், டீசல் இன்ஜின். தகரத்துக்குக் கீழ ஏப்ரல்ல பிரசவம் பாத்திருக்கியா நீ?"

"என்னையே அப்படித்தான் பெத்தாங்க. அதான் மூளை கொஞ்சம் இளகிருச்சு. சோலார் பேனலை எங்க வெப்பே?"

"கூரைத் தகரத்து மேலயே. ஒட்டி, திருகு போட்டு. காத்து தூக்காதுல்ல."

ரஸ்மானே கையைத் தட்டிச் சிரித்தான். "சாமோத் தலைக்குத் தொப்பி போடத் தெரியாதுன்னு எங்க மாமா சொல்வாரு. தொப்பி தலையோட ஒட்டினா தொப்பியும் சுடும், தலையும் வேகும். வெந்த தலையை அப்புறம் நீங்களே பங்கு போட்டுத் தின்னுக்குங்க."

"கழுதை பாஷை எனக்குப் புரியாது, போடா," என்றாள் ஒதில். வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பின் விலை ஐந்நூற்று நாற்பது யூனிட் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

*

அடுத்த வாரமே பூச்சு வேலைக்கு ரஸ்மானே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். ஆள் தேவை என்று ஒதில்தான் சொல்லியனுப்பியிருந்தாள். ஊரில் வேறு கொத்தனார்கள் இருபத்தாறு பேர் இருந்தார்கள். அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

பேனல்களை ஒட்டி வைத்துத் திருகும்போதெல்லாம் கீழே இருந்து குரல் வரும். "அடிமை... தொப்பி, தொப்பி."

"முதலாளி, வாயை மூடிக்கிட்டுப் பூசு."

தலைமை மருத்துவச்சி பிபாட்டா அக்கா, கட்டடம் முடியும் முன்பே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே காராமணி வடை தின்பார். "இவ்வளவு திட்டிக்கறீங்களே... வாய் வலிக்கலை? எங்க வீட்டுக்காரர் என்கிட்ட ஒரு மாசத்துல பேசறதை நீங்க ஒரு மத்தியானத்துல பேசிடறீங்க," என்பார்.

ஜூன் ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. மூன்றாம் தேதி, மழை.

தூசி வாசனையோடு அது வந்தது. செம்புறாங்கல் சுவர் மெல்ல நிறம் மாறி, சுட்ட சிவப்பிலிருந்து ரத்தச் சிவப்பானது. தாழ்வாரத்தில் ஒதிலும் ரஸ்மானேயும். கூரை விளிம்பிலிருந்து விழுந்த மழைநீர், இருவருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே திரை போட்டிருந்தது. ஒரு துளி தெறித்து அவள் நெற்றியில் விழுந்தது. அவன் பார்த்தான். துடைக்கக் கை நீளும்போலிருந்தது... நீளவில்லை.

"எங்க வீட்டுக்கே வந்துடேன்," என்றான் மழையைப் பார்த்தபடி. "அடிமை இல்லாம வீடு போட்டது போட்டபடி கெடக்கு."

'இவன் நிஜமாகச் சொல்கிறானா?' ஒதில் திரும்பிப் பார்த்தாள். அவன் பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நாய்த்தலைக் குழம்பு வெச்சுத் தர்றேன். உங்க ராஜ வம்சம் திங்குமா?" என்றாள் அவளும்.

இருவரும் சிரித்தார்கள். மழை கொஞ்ச நேரம் சத்தமாகப் பெய்தது.

ரகிரேயில் உள்ள தொல்லையே இதுதான். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மாதாமாதம் மீட்டர் பார்க்க, நாங்கள் வாகா என்று சுருக்கும் வாகடூகூவிலிருந்து பஸ் ஏறி வருவாள். மழை மாதங்களில் கணக்கு நன்றாக இருந்தது. பனிக்காலத்தில் தூசிக்காற்று பேனல்களை மூடும். ரஸ்மானே யாரும் சொல்லாமலே ஏறித் துடைத்துவிடுவான். 'முதலாளியை வேலை வாங்கற அடிமை உலகத்துலயே நீ ஒருத்திதான்' என்று செய்தி அனுப்புவான். ஒதில் அதைப் பஸ்ஸில் நாலு தடவை படித்துவிட்டு, ஐந்தாவது தடவை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் படிப்பாள்.

மார்ச்சில் வெயில் ஏறியது. கணக்கு இறங்கியது.

*

ஏப்ரல் நடுவில் மீட்டர் ஐந்நூற்று நாற்பது யூனிட் பள்ளத்தில் கிடந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயில் கொட்டுகிறது. பேனல்களோ டிசம்பரில் கொடுத்ததைவிடக் குறைவாகக் கொடுக்கின்றன. வார்டுக்குள் முப்பத்தெட்டு டிகிரி. ஃபேன், ஆபரேஷன் அறை ஏ.சி., தடுப்பூசிப் பெட்டி எல்லாம் ஓயாமல் ஓடி, வருகிற கரண்டை வந்த சூட்டில் விழுங்கின. ஒரு தாய் ஈரத்துணியால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். ஒதிலால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்று மணிக்கு ஏணி போட்டுக் கூரைக்கு ஏறினாள். பேனலுக்கும் தகரத்துக்கும் இடையே ஒரு விரல் சந்து. கையை நுழைத்தாள்.

சுட்டது. அடுப்புக்கல்லைத் தொட்டதுபோல. உள்ளங்கை சிவந்து போயிற்று.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. சூடேறினால் பேனல் சோர்ந்துபோகும், அது பாடப் புத்தகத்தில் இருப்பது. சூடான பேனல் தகரத்தைச் சுடுகிறது. தகரம் வார்டைச் சுடுகிறது. வார்டு கரண்டைக் கேட்கிறது. கரண்டைக் கொடுக்க வேண்டிய பேனல் சோர்ந்து கிடக்கிறது... ஒன்றையொன்று தின்கின்றன. தன் கணக்கில் அவள் பேனலுக்குக் கீழே காற்று போவதாகவே வைத்திருந்தாள். காற்று போக வழிதான் வைக்கவில்லை.

தொப்பியும் சுடும், தலையும் வேகும்.

கீழே இறங்கும்போது ரஸ்மானே இஞ்சி மணக்கும் கம்புப் பானம் ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டு வந்து நின்றிருந்தான். "அடிமை, வெயில்ல காயாதே. கறுத்துட்டா யார் வாங்குவா..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலை?" என்றாள்.

"எதை?"

"பேனலைத் தூக்கி வெக்கணும்னு."

"சொன்னேனே. தினம் சொன்னேன்."

"விளையாட்டா சொன்னே."

"நீ பாரே. நான் தாப்சோபா. உன்கிட்ட வேற எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியாது ஒதில். நீயும் சிரிச்சே."

"பதினோரு ஊர் ஆஸ்பத்திரி போகப்போகுது. இது சிரிக்கற விஷயமா? நிறுத்தி, உட்காரவெச்சு, இது விளையாட்டில்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் கேட்டிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? ஒரு கொத்தனார்கிட்டயா?"

சொல்லி முடித்ததும், சொன்னதைப் பிடித்து வாய்க்குள் திரும்பத் தள்ளிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

அடிமை, திருடன், கழுதை, அழுகின தக்காளி... ரகிரேயில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, ஏனென்றால் எதுவும் உண்மை இல்லை. கொத்தனார் என்பது உண்மை. அதை அவள் உண்மையாகவே சொல்லியிருந்தாள்.

ரஸ்மானே பாட்டிலைத் தாழ்வாரத்துத் திண்டில் வைத்தான். கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டான்.

"சரிங்க மேடம்," என்றான். போய்விட்டான்.

*

மேடம்...

இரண்டு நாள் அந்த ஒரு சொல் அவள் காதுக்குள் முள்ளாக இருந்தது. மூன்றாம் நாள் பிபாட்டா அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைத்தெருவுல அந்தத் தாப்சோபாப் பயலைப் பாத்தேன். உன்னை விசாரிச்சான். 'மேடம் சௌக்கியமா இருக்காங்களா'ன்னு. எனக்கு உடம்பே நடுங்கிருச்சு. யார்டி செத்தது?"

அக்கா அவள் கையைத் திருப்பிச் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். மருந்து தடவிவிட்டார். "சுட்ட இடத்துலதான் மருந்து போடணும். பஸ் ஏறி வாகா போயிட்டா ஆறிடாது," என்றார்.

ஒதில் போனாள். அவன் ஒரு சுவரின் மேல் நின்று தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இறங்கி, மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினான். அதற்குப் பதில் அவன் அவளை அறைந்திருக்கலாம்.

"அன்னிக்கு நான் பேசினது..."

"கொத்தனாரைக் கொத்தனார்னுதானே சொன்னீங்க மேடம். அதுல என்ன?"

ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எல்லாம் வெயிலில் ஆவியாகிவிட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பயம்தான். அதை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது, மே மாசப் புயல்ல எங்க ஸ்கூல் கூரை பறந்துபோச்சு. எங்க தலைக்கு மேல இருந்து... கத்திக்கிட்டே போய்க் கம்புக் கொல்லையில விழுந்துச்சு. அதான் பேனலை ஒட்டி வெச்சேன். பணத்துக்காக இல்லை. இப்ப தூக்கினா காத்து கொண்டுபோயிருமா, ரஸ்மானே? எனக்குத் தெரியலை. உனக்குத் தெரியும்."

அவன் குனிந்து மண்ணில் விரலால் கோடு போட்டான்.

"ஒரு முழம் தூக்கணும். அதுக்குக் கம்மின்னா சூடு வெளிய போகாது. அதுக்கு மேலன்னா காத்து உள்ள பூந்து நெம்பும். கம்பிக் காலைத் தகரத்துல கட்டாதீங்க. சுவருக்குள்ள மூணடி இறக்கிக் கட்டணும். தகரம் பறக்கும். சுவர் பறக்காது."

"வந்து செஞ்சு தர்றீங்களா?"

"வர்றேன் மேடம்."

ஐந்து நாளில் நாற்பத்தெட்டு பேனல்களும் எழுந்து நின்றன. அந்த ஐந்து நாளும் அவன் ஒரு கேலி சொல்லவில்லை. ரசமட்டம் வைத்தான், கம்பி இறக்கினான், 'சரிங்க மேடம்' என்றான். வேலையாட்கள் பயந்துபோய் அவர்களும் பேசாமல் வேலை செய்தார்கள். குடுகூ வரலாற்றிலேயே இவ்வளவு அமைதியாகக் கூரை போட்டது கிடையாது.

ஆறாம் நாள் மதியம் இரண்டு மணி. வெளியே நாற்பத்திரண்டு. ஒதில் வார்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே சத்தம் இல்லை. முதலில் அதுதான் தெரிந்தது. பாதி ஃபேன்கள் நின்றிருந்தன. செவ்வண்ணச் சுவர்களின் மேல், உச்சித் துவாரங்கள் வழியே விழுந்த வெளிச்சம் அசையாமல் படுத்திருந்தது. பதினான்கு கட்டில்கள். பதினான்கு தாய்மார்கள். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மதியத்தில், அந்த ஊரில், அந்த மாதத்தில்... தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே, பேனல்களுக்குக் கீழே, ஒரு முழ இடைவெளியில் காற்று போய்க்கொண்டிருந்தது. கட்டடமே மெல்ல மூச்சு விடுவதுபோல ஓர் ஓசை.

ஓரக் கட்டிலில் அப்போதுதான் விழித்த ஒருத்தி ஒதிலைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துறீங்களா? பிள்ளைக்குக் குளிருது."

ஒதில் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கொதிக்கும் சூரியன்தான் இதைச் செய்கிறது. எது சுடுகிறதோ அதையே பிடித்து நிழலாக்கி, எது எரிக்கிறதோ அதையே வாங்கி விளக்காக்கி... அவள் படித்த கணக்கு முழுவதும் ஒரு குழந்தை போர்வைக்குள் சுருண்டு படுப்பதில் போய் முடிந்திருந்தது.

வாசலில் ரஸ்மானே நின்றிருந்தான். அவன் கண்ணில் இருந்தது தூசி இல்லை.

"நாளுக்குப் பதினாலு யூனிட் மிஞ்சுது," என்றாள் கிசுகிசுப்பாக. "இன்னும் நாப்பது நாள் இருக்கு."

"நல்லதுங்க மேடம்," என்றான் அவன்.

*

மே முப்பத்தொன்று. காலையில் மீட்டர் சுழிக்கு மூன்று யூனிட் கீழே. சூரியன் நன்றாக இருந்தால் சாயங்காலத்துக்குள் தாண்டிவிடும்.

ஒதில் அறிக்கையைக் காலையிலேயே எழுதி முடித்துவிட்டாள். கடைசி எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

இரண்டு மணிக்குக் கிழக்கில் ஒரு சுவர் எழுந்தது. மண் சுவர்... வானம் வரைக்கும். எங்கள் ஊரில் வருஷத்தின் முதல் புயல் அப்படித்தான் வரும், நடந்து வருகிற மலைமாதிரி. பகல் சிவந்தது, பழுப்பானது, பிறகு கறுப்பானது. பேனல்கள் செத்துப்போயின. அதே நேரம் கழுதை வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"எல்லா விளக்கையும் போடு," என்று கத்தினார் பிபாட்டா அக்கா. பிறகு ஒதிலைப் பார்த்தார். அவருக்கும் கணக்கு தெரியும்.

ஒதிலே ஓடிப்போய் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டாள். குழந்தைக்கான சூட்டு விளக்கையும் போட்டாள். மீட்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்று கூரைமேல் விழுந்தது. கம்பிக் கால்கள் முனகின. ஒதில் தாழ்வாரத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், ஐந்தாம் வகுப்புப் பெண்ணாக. யாரோ அவள் கையைக் காதிலிருந்து எடுத்தார்கள். கொண்டுபோய்ச் சுவரில் வைத்தார்கள். புயலைத் தாண்டி அவன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. தலைமுடி முழுக்க மண்.

"தொட்டுப் பாருங்க. கம்பி நடுங்குது. சுவர் நடுங்குதா?"

நடுங்கவில்லை. கல் குளிர்ந்து, கனத்து, அசையாமல் நின்றது. அவள் கையும் அதன்மேல் அவன் கையும் அப்படியே இருந்தன. உள்ளே ஒரு குழந்தை அழுதது. வெளியே மழை கொட்ட ஆரம்பித்தது.

நாலு மணிக்கு மழை நின்றபோது மீட்டர் சுழிக்கு ஒன்பது யூனிட் கீழே இருந்தது. சூரியன் மறைய இன்னும் இரண்டு மணி நேரம் சொச்சம்.

மேற்கே மேகம் கிழிந்தது. கழுவிவிட்ட வானம். கழுவிவிட்ட பேனல்கள், குளிர்ந்துபோய்... மழை கழுவிய குளிர்ந்த கண்ணாடியில் வெயில் விழுந்தால் என்ன நடக்கும் என்று ஒதிலுக்குப் படிப்பில் தெரியும். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எட்டு... ஏழு... மீட்டர் எண்கள் இறங்கும் வேகத்தைப் பார்த்து அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மீட்டர் பெட்டிக்கு எதிரே இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அறிக்கையை அவனிடம் நீட்டினாள். "படிங்க."

அவன் விரல் வைத்து, வரிவரியாகப் படித்தான். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

'முதல் பத்தரை மாதங்கள் பேனல்கள் கூரையோடு ஒட்டி அமைக்கப்பட்டது என்னுடைய தவறு. இதைக் கட்டும்போதே பலமுறை எடுத்துச் சொன்னவர் கொத்தனார் ரஸ்மானே தாப்சோபா. அவர் சொன்னதை நான் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். இப்போதுள்ள கூரையை வடிவமைத்தவர் அவரே. கட்டடம் கணக்கில் தேறினாலும் தேறாவிட்டாலும், இனி எந்த ஊரில் கட்டினாலும் இந்தக் கூரையையே பின்பற்றப் பரிந்துரைக்கிறேன்.'

"இதை எப்ப எழுதினீங்க?"

"காலையில."

"கணக்கு தெரியறதுக்கு முன்னாடியேவா? உன் வேலை போயிருமே, ஒதில்."

மேடம் எங்கோ விழுந்துவிட்டது. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"போகட்டும். வாயால சொன்னா நீ நம்பமாட்டே. இதுல அமைச்சகத்து முத்திரை விழும். இதுல யாரும் விளையாட முடியாது."

அவன் காகிதத்தை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். திட்டச் சொன்னால் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் திட்டுகிறவன், ஒரு சொல்லுக்காகத் தடுமாறுவதை அவள் முதன்முறையாகப் பார்த்தாள்.

"எனக்கு... உன்னைப் பிடிச்சிருக்கு," என்றான். "ஒரு வருஷமா தினம் சொல்றேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள பயந்துபோய் நானே சிரிச்சுடறேன். இன்னிக்குச் சிரிக்கலை. பாரு."

பார்த்தாள். சிரிக்கவில்லை. அந்தப் பெரிய இமைகள் நனைந்து, படபடத்து...

"நீ இப்படிப் பேசினா எனக்குப் பயமா இருக்கு," என்றாள் மெல்ல.

"எனக்கு உயிரே போகுது."

மீட்டரில் சுழி வந்து நின்றது. ஒரு நொடி. பிறகு ஒன்று, சுழிக்கு மேலே. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதினோரு ஊர்... ஒதில் பேனாவை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் அந்த எண்ணை எழுதினாள். அவசரத்தில் ஒன்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள். "எனக்கும் பிடிச்சிருக்கு. போன வருஷம் மழையிலயே பிடிச்சிருந்தது. நீ சிரிச்சுத் தொலைச்சே."

அவன் வெள்ளிக்கிழமை தொழப் போகிறவன், அவள் ஞாயிறு பூசைக்குப் போகிறவள். எங்கள் ஊரில் அது ஒரே அடுப்பில் இரண்டு பண்டிகைச் சோறு என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெரிய சங்கடம் வேறு இருந்தது.

"எங்க அப்பா சொந்த ஊர் தூகான்ல இருக்காரு," என்றாள் ஒதில். "பொண்ணு கேக்க ஒரு மோசி வர்றான்னு தெரிஞ்சா, ஊரையே கூட்டிவெச்சு உன்னைத் திட்டுவாரு. உங்க பரம்பரை, உங்க கழுதை, எதையும் விடமாட்டாரு. சாயங்காலம் வரைக்கும் போகும்."

"நானும் பதிலுக்குத் திட்டுவேன். தாங்குவாரா?"

"திட்டு. நல்லாத் திட்டு. திட்டலைன்னா பொண்ணே தரமாட்டாரு." அவள் அவன் கையிலிருந்த செம்மண்ணைத் தன் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தாள். "என்னைக் கேக்கும்போது மட்டும் சிரிக்காதே."